அந்த நோட்டை யார் எடுத்துப் படிப்பார்கள்?

மனதில் இருப்பதை எழுதினால் பாரம் குறையும் என்று பள்ளிக்கூட ஆலோசகர் முதல் வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்புகிறவர் வரை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். குறையும்தான். எவ்வளவு குறையும், யாருக்குக் குறையும், எழுதிய தாளை அப்புறம் எங்கே வைப்பது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது. நெல்லைச் சீமையில் இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆறு பேர் இருக்கிற வீட்டில் ஒரு பீரோ, அதற்கு ஒரு சாவி என்று வாழ்கிற இடத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் சும்மா கிடக்காது.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு அந்தக் கேள்விக்கு வரலாம். 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கர், சாண்ட்ரா பீல் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 46 கல்லூரி மாணவர்களை அழைத்து, தொடர்ந்து 4 நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுதச் சொன்னார்கள். சிலருக்கு ஒன்றுமில்லாத சாதாரணத் தலைப்பு. மற்றவர்கள் தங்கள் வாழ்க்கையில் தங்களை உலுக்கிய சம்பவத்தை எழுத வேண்டும். இவர்களிலும் ஒரு பகுதியினர் நடந்ததை மட்டும், இன்னொரு பகுதியினர் அப்போது பட்ட பாட்டை மட்டும், மூன்றாவது பகுதியினர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் எழுதி முடித்த கையோடு முன்பைவிடச் சோர்ந்துதான் போனார்கள். இரத்த அழுத்தம்கூட ஏறியது. ஆனால் அடுத்த 6 மாதத்தில் அவர்கள் கல்லூரி மருத்துவமனைக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு.

அதற்கப்புறம் இந்த முறையை எத்தனையோ நாடுகளில், எத்தனையோ விதமான நோயாளிகளிடம் செய்து பார்த்தார்கள். 1999-இல் ஜோஷுவா ஸ்மித் குழுவினர் ஆஸ்துமாக்காரர்களையும் முடக்குவாதக்காரர்களையும் எழுத வைத்தார்கள். 4 மாதம் கழித்து, மனதை உலுக்கியதை எழுதியவர்களில் 47 சதவீதம் பேருக்கு மருத்துவர் கண்ணுக்கே தெரிகிற முன்னேற்றம் இருந்தது. சாதாரணத் தலைப்பில் எழுதியவர்களில் 24 சதவீதம் பேருக்குத்தான். பயிலரங்கு நடத்துகிறவர்கள் விளக்கப் படத்தில் போடுவது இந்த மாதிரிக் கணக்கைத்தான். 2006-இல் ஜோவான் ஃப்ரட்டரோலி 146 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்ததை அவர்கள் போடுவதில்லை. பலன் உண்டு, ஆனால் சராசரியாகப் பார்த்தால் மிகச் சிறியது என்பது அவர் கண்டது. என்னைக் கேட்டால் அது ஏமாற்றம் தரும் செய்தி இல்லை. ஒரு பேனா, நாலு தாள், கொஞ்சம் நேரம், இவ்வளவு செலவில் கிடைக்கிற சிறிய பலன் நல்ல பேரம்தான். மருந்துக்குப் பதில் இதுவே போதும் என்று யாராவது சொன்னால்தான் சந்தேகப்பட வேண்டும்.

எழுதினால் ஏன் பலன் கிடைக்கிறது என்பதில் ஆரம்பத்தில் ஒரு எண்ணம் இருந்தது: அடக்கி வைத்ததைக் கொட்டிவிடுகிறோம், அதனால் உடம்பு இளைப்பாறுகிறது என்று. வெறுமனே கொட்டுவது போதாது என்று பின்னால் தெரிந்தது. எழுதியவர்களின் சொற்களைக் கணினியில் எண்ணிப் பார்த்தபோது, அதிகம் பலன் பெற்றவர்களிடம் ஒரு பொதுத்தன்மை இருந்தது. முதல் நாளைவிடக் கடைசி நாளில் ‘ஏனென்றால்’, ‘அதனால்’, ‘இப்போதுதான் புரிகிறது’ போன்ற சொற்கள் அவர்களிடம் கூடியிருந்தன. சிதறிக் கிடந்தது ஒரு கதையாகச் சேர்ந்திருந்தது.

நம் ஊர் விஷயத்தை வைத்தே பார்க்கலாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை நெடுக வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அதில் அகப்பட்ட ஒரு பெண் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் இப்படி எழுதலாம்: “ராத்திரி தண்ணி வந்துட்டு. கட்டில் மிதந்துட்டு. மிக்சி, டிவி, ரேஷன் கார்டு, புள்ளைக்கு எடுத்த துணி எல்லாம் போயிட்டு. பயமா இருந்துச்சு. ஒண்ணும் தோணல.” நாலாவது நாள் அதே பெண்: “ஆச்சி மாடிக்கு வரமாட்டேன்னு உக்காந்துட்டா. ஏன்னா தாத்தா போட்டோ கீழ இருந்துச்சு. நான் சத்தம் போட்டுக் கையப் புடிச்சு இழுத்துட்டுப் போனேன். அவ கை வீங்கிட்டு. இப்பவும் மழை பெஞ்சா எனக்கு அந்தக் கைதான் ஞாபகம் வருது. நான் சத்தம் போட்டதுக்குத்தான் இவ்வளவு நாளா அழுதிருக்கேன்னு இப்பதான் தெரியுது.” முதல் நாள் எழுதியது போனவற்றின் பட்டியல். நாலாவது நாளில் அவளுக்கு எது வலிக்கிறது என்பது வந்துவிட்டது. இனி ஆச்சியிடம் போய் ஒரு வார்த்தை பேசலாம்.

எல்லோருக்கும் இப்படி நடந்துவிடாது. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சமீபத்தில் துணையைப் பிரிந்தவர்களை எழுத வைத்தார்கள். நடந்ததற்கு அர்த்தம் தேடித் தேடி மனதை உழப்பிக்கொண்டே இருந்த சிலருக்கு, உணர்ச்சியை எழுதியதைவிட அன்றாட வேலைகளைப் பட்டியல் போட்டதே நல்லதாக இருந்தது. புண் ஆறுவதற்குள் கட்டைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பது மாதிரி ஆகிவிடுகிறது. பெரிய விபத்தோ வெள்ளமோ முடிந்த கையோடு ஆட்களை உட்கார வைத்து “நடந்ததைச் சொல்லுங்கள், மனம் திறந்து அழுங்கள்” என்று ஒரே தடவையில் கறந்துவிடும் முறையை உலக சுகாதார நிறுவனமும் வேண்டாம் என்றே சொல்கிறது. அந்த நேரத்தில் வேண்டியது சாப்பாடு, உடுப்பு, காணாமல் போனவரைப் பற்றிய தகவல், பக்கத்தில் ஒரு ஆள். வெள்ளம் வடிந்த மறுவாரமே கிரேயான் பெட்டியோடு வந்து பிள்ளைகளைத் தண்ணீர் வரையச் சொல்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, நோட்டுக்கு வருவோம். அமெரிக்கச் சோதனைகளில் எழுதியவருக்கு ஒரு எண்தான் உண்டு, பெயர் கிடையாது. எழுதியதை யாரும் திருத்தவில்லை, மதிப்பெண் போடவில்லை, வீட்டுக்குத் தெரியாது. அந்த முறையின் உயிரே இந்த ஏற்பாட்டில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு ‘தினமும் டைரி எழுது’ என்பதை மட்டும் இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும்? பிளஸ் டூ படிக்கிற பெண்ணின் நோட்டை அண்ணன் எடுத்துப் படிப்பான். அதில் ஒரு பையனின் பெயர் இருந்து, அந்தப் பெயர் வேறு தெருப் பெயராகவும் இருந்துவிட்டால், அடுத்து நடப்பதை இந்த மாவட்டத்தில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கல்யாணமாகி வந்த பெண் மாமியாரைப் பற்றி ஒரு வரி எழுதினால் அது குடும்பப் பஞ்சாயத்தில் சாட்சியாக வரும். ஆண்களுக்கு வேறு சிக்கல். ஐம்பது வயது மனிதர் ஒருவர் கடன்காரனைப் பற்றிய பயத்தை எழுத நோட்டை எடுத்தாலே “என்ன, உயிலா எழுதுதீரு?” என்று கேட்க நாலு பேர் இருப்பார்கள்.

அதனால் இங்கே நடத்துகிற எந்த எழுத்துத் திட்டமும், எழுதச் சொல்வதற்கு முன்னால், எழுதியதை என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லியாக வேண்டும். எழுதி முடித்ததும் அங்கேயே கிழித்துப் போடலாம். பலன் எழுதும்போதே கிடைத்துவிடுகிறது, தாளைப் பத்திரப்படுத்தினால்தான் வரும் என்றில்லை. இல்லையென்றால் எண் மட்டும் எழுதிய உறையில் போட்டு ஒட்டி, நூலகத்தில் பூட்டி வைக்கலாம். மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது: ‘நான்’ என்று எழுதாமல் ‘ஒருத்தி இருந்தா’ என்று ஆரம்பிப்பது. தன் கதையைத் தள்ளி நின்று, இன்னொருவர் கதையைப் போலப் பார்த்தால் மனக் கொதிப்பு அடங்குகிறது என்பதற்குத் தனியாகவே ஆய்வுகள் உண்டு. நோட்டு அகப்பட்டாலும் “அது கதை அண்ணே” என்று சொல்லித் தப்பிக்கலாம். சிறுகதைக்குப் பேர் போன ஊரில் இந்தச் சாக்கு எடுபடும்.

எழுதத் தெரிந்தவர்களைப் பற்றியே இவ்வளவு நேரம் பேசியாயிற்று. மேலப்பாளையம், முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றுகிற பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஊற வைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரிக்க வேண்டும். தூளை அளவாகப் போட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனை மடக்க வேண்டும். மடியில் பீடித்தட்டு, இரண்டு கையும் ஓயாது. ஒரு நாளில் ஆயிரம் பீடி என்ற கணக்கை நோக்கி ஓடுகிற கைகளிடம் போய் 15 நிமிடம் பேனா பிடிக்கச் சொன்னால் அது கூலியில் கை வைப்பது. ஆனால் வாய் சும்மாதான் இருக்கிறது. சும்மா என்று சொல்லக் கூடாது, அதுவும் ஓயாது. திண்ணையிலோ வேப்பமரத்தடியிலோ நாலைந்து பேர் கூடிச் சுற்றும்போது, பாதி ஊர்க்கதை அங்கேதான் உருவாகிறது. தன் கதையைச் சொல்ல மட்டும் அங்கே இடம் குறைவு. நாளைக்கு நாமும் அந்த ஊர்க்கதையில் வந்துவிடுவோம் என்ற பயம்.

இங்கே வேண்டியது சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கிற ஆள். இது புதிதும் இல்லை. கொழும்புக்கும் பம்பாய்க்கும் பிழைக்கப் போனவர்களுக்குக் கடிதம் போன காலத்தில், எழுதத் தெரியாத அம்மாக்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல எழுத வைப்பார்கள். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று ஆரம்பித்து, மூன்றாவது வரியில் அழுகை வந்து, “அதை எழுதாத, வேண்டாம், அடிச்சிரு” என்று சொல்லி, அப்புறம் “எழுதினது எழுதினதா இருக்கட்டும்” என்று முடிகிற கடிதங்கள். வளைகுடாவுக்குப் போனவர்களின் காலத்தில் அதுவே கேசட்டில் பேசி அனுப்புவதாக மாறியது. இப்போது வாட்ஸ்அப் குரல் செய்தி. ஆக, கேட்டு எழுதுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. ஒரு திட்டமாகச் செய்யும்போது அதற்குக் கொஞ்சம் ஒழுங்கு வேண்டும். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். ‘வந்துட்டு’ என்றால் ‘வந்துட்டு’தான், ‘வந்துவிட்டது’ ஆக்கக் கூடாது. எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்ட வேண்டும். கடைசியில் தாள் சொன்னவருடையது. அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். எழுதுகிற பெண் மதினி முறையோ சித்தி முறையோ ஆகிற ஆளாக இருந்தால் கூச்சம் குறையும், ஆனால் ரகசியம் நிற்காது. வெளியூர் ஆளாக இருந்தால் ரகசியம் நிற்கும், பேச்சு வராது. பக்கத்து ஊர் ஆள் தோது.

‘கலை மூலம் மனநலம்’ என்று பேச ஆரம்பித்தவுடன் நம் ஆட்கள் கோயில் கொடைத் திருவிழா, சாமியாட்டம், வில்லுப்பாட்டு எல்லாவற்றையும் இழுத்து வந்து “நம் முன்னோர் அப்போதே செய்தார்கள்” என்பார்கள். பாதி சரி. அந்தப் பாதி எது என்று பார்ப்பது நல்லது.

வில்லுப்பாட்டில் பாடுகிற கதைகளை இரண்டாகப் பிரிக்கலாம். சாமி பிறந்து, வரம் வாங்கி, பூமிக்கு வந்த கதைகள் ஒரு வகை. இன்னொரு வகை, மனிதராகப் பிறந்து வெட்டுப்பட்டோ வஞ்சிக்கப்பட்டோ செத்து, அப்புறம் சாமியானவர்களின் கதை. கொடையில் ராத்திரி ஏற ஏறச் சூடு பிடிப்பது இந்த இரண்டாம் வகையில்தான். குடத்தில் விழுகிற அடியும் வில்லில் அடிக்கிற வீசுகோலின் வேகமும் கூடி, கதை பாடுகிற புலவர் சாவுக் கட்டத்துக்கு வரும்போதுதான் சாமியாடிக்கு அருள் ஏறும். கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்ற இரண்டு மகுடப் பறைகளும் பாடுகிற அண்ணாவியின் குரலும் அதே வேலையைச் செய்கின்றன. ஊர் ஒரு காலத்தில் செய்த கொலையை, அல்லது கண்டும் காணாமல் விட்ட கொலையை, வருஷா வருஷம் அதே ஊரே உட்கார்ந்து விடிய விடியக் கேட்கிறது. சிதறிய ஒன்றைக் கதையாக்கிச் சொல்வது, அதுவும் கேட்க ஆள் வைத்துச் சொல்வது என்று பார்த்தால், இதைவிடப் பெரிய ஏற்பாடு கிடையாது.

ஆனால் முத்துப்பட்டன் கதையைக் கவனியுங்கள். பிராமணனான முத்துப்பட்டன் பொம்மக்கா, திம்மக்கா என்ற அருந்ததியர் பெண்கள் இருவரை மணந்து, மாடு காக்கப் போய்ச் செத்தான். பாபநாசம் மலைமேல் சொரிமுத்து அய்யனார் கோயிலில் ஆடி அமாவாசைக்குக் கூடுகிற கூட்டம் அவனையும் அந்தப் பெண்களையும் கும்பிட்டுவிட்டுத்தான் வருகிறது. நாங்குநேரிக்காரரான நா. வானமாமலை (1917–1980) இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தபோது ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டினார். பின்னால் வந்த வடிவங்களில், அந்தப் பெண்கள் பிறப்பில் பிராமணர்கள்தான், காட்டில் கிடந்து எடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு துண்டு சேர்ந்துவிட்டது. ஊருக்கு உறுத்திய இடத்தை ஊரே தேய்த்து மழுக்கிவிட்டது. கூட்டாகச் சொல்கிற கதைக்கு இந்தக் குணம் உண்டு. எல்லோரும் சேர்ந்து கேட்கிற மாதிரி இருக்க வேண்டுமென்றால், யாருக்கோ உறுத்துவதைக் குறைத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று, செத்தவர்களுக்குத்தான் வில்லில் இடம். உயிரோடு இருக்கிற ஒருத்தியின் இந்த வருஷத்துத் துக்கத்தை எந்தப் புலவரும் பாட மாட்டார். ஒப்பாரி அந்த வேலையைக் கொஞ்சம் செய்தது. எழவு வீட்டில் கட்டிப்பிடித்து அழும்போது, செத்தவரைச் சொல்வதாகச் சொல்லிப் பெண்கள் தங்கள் பாட்டையே பாடிவிடுவார்கள். அங்கே யாரும் குறுக்கே பேச முடியாது. இப்போது அதுவும் குறைந்து, பிரீசர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒலிபெருக்கியில் கேசட் ஒப்பாரி ஓடுகிறது. ஆக, ஊர் சேர்ந்து சொல்வதும் வேண்டும், ஊர் கேட்காத இடத்தில் ஒருத்தி தனியாகச் சொல்வதும் வேண்டும். முன்னது நம்மிடம் ஏராளம். பின்னதுக்குத்தான் பஞ்சம், எழுத்துத் திட்டம் வர வேண்டிய இடமும் அதுதான். கொடையை அப்படியே பயிலரங்குக் கூடத்துக்குக் கூட்டி வந்து ‘சிகிச்சை’ என்று பேனர் கட்டினால், கொடையும் போகும், சிகிச்சையும் நடக்காது. வில்லுக் கலைஞரை வேறு விதமாக அழைக்கலாம். ஒரு கதையை எங்கே ஆரம்பிப்பது, எங்கே நிறுத்துவது, கேட்கிறவர் கண்ணில் தண்ணீர் வந்ததும் எப்படிப் பாட்டை மாற்றுவது என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த வித்தை. ஆலோசனைப் படிப்பு படித்துவிட்டு வருகிற இளைஞர்கள் அவரிடம் ஒரு மாதம் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் இந்த இரண்டு பக்கத்தையும் இணைக்கத் தோதான இடம்.

வெளிநாட்டில் இதற்கு எப்படிக் காசு வருகிறது என்று ஒரு பார்வை. 2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 3000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து, பாடுவது, எழுதுவது, ஆடுவது எல்லாம் நோய் வராமல் தடுப்பதிலும் நோயோடு வாழ்வதிலும் உதவுகின்றன என்று ஓர் அறிக்கை போட்டது. பிரிட்டனில் குடும்ப டாக்டர் ஒருவர் தனிமையில் வாடுகிறவரை மாத்திரைச் சீட்டோடு அனுப்பிவிடாமல், ஒரு இணைப்புப் பணியாளரிடம் அனுப்பலாம். அந்தப் பணியாளர் அவரோடு பேசி, ஊரில் நடக்கிற பாட்டுக் குழுவிலோ எழுத்துக் குழுவிலோ சேர்த்துவிடுவார். அரசு சுகாதாரத் திட்டத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது அந்த இணைப்புப் பணியாளரின் சம்பளம். மொத்த ஏற்பாடும் அதில்தான் நிற்கிறது.

நம் பக்கம் மேடைக்குக் காசு உண்டு. கலை பண்பாட்டுத் துறையின் மண்டல மையம் திருநெல்வேலியில் இருக்கிறது. நலிந்த கலைஞர்களுக்கு மாத உதவித்தொகை உண்டு, நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் உண்டு. 2022 முதல் பொருநை பெயரில் இலக்கியத் திருவிழாவும் நடக்கிறது. இவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் மேடைக் காசு இரண்டு நாளில், ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் சால்வைக்கும் போய்விடும். எழுத்து வட்டத்துக்கு வேண்டியது வாரம் இரண்டு மணி நேரம் தவறாமல் வந்து உட்காருகிற ஒரு ஆளுக்கு ஒரு வருஷக் கூலி. பந்தல் செலவில் சிறு பங்குதான் வரும், ஆனால் அதற்கு எந்தத் தலைப்பின் கீழும் பில் போட முடியாது. திறப்பு விழா இல்லாத செலவுக்கு நம் அலுவலகங்களில் கோப்பு நகராது.

இடம் இருக்கிறது. 1948-ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்தால் வந்த கிளை நூலகங்கள் சின்ன ஊர்களில்கூட உண்டு; சொத்து வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் வருகிறோம். பல நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒரு அமைப்பும் பெயரளவிலாவது இருக்கிறது. ஊரார் கூடி வாசித்துப் பேசுகிற பழக்கத்துக்கு இங்கே பெரிய முன்னோடியும் உண்டு. ரசிகமணி டி.கே.சி. (1882–1954) தன் நெல்லை வீட்டில் கூட்டிய வட்டத்தொட்டி என்ற இலக்கியக் கூட்டத்தில் கம்பன் பாட்டை ரசிக்கத்தான் கூடினார்கள், யாரும் மனக்கஷ்டத்தைச் சொல்ல வரவில்லை. ஆனாலும், யார் பேசினாலும் முழுசாகக் கேட்கிற மரியாதையை அது பழக்கியது. 1990-களின் அறிவொளி இயக்கம் இன்னும் கீழே இறங்கி, தெருவிளக்கடியில் பெண்களை உட்கார வைத்துக் கையெழுத்தும் பாட்டும் நாடகமும் சொல்லிக்கொடுத்தது. அதில் எழுத்துக் கற்ற பலர் இன்று மகளிர் குழுக்களில் கணக்கு எழுதுகிறார்கள். அந்தக் குழுக் கூட்டத்திலேயே, கடன் வசூல் முடிந்த பிறகு அரை மணி நேரம் ஒதுக்குவதுதான் என் கணக்குப்படி சுலபமான தொடக்கம். ‘மனநலம்’ என்று பெயர் வைக்காமல் இருந்தால் இன்னும் நல்லது.

வட்டத்தில் யார் யார் உட்காருகிறார்கள் என்பதும் சும்மா விடக் கூடிய கேள்வி இல்லை. ஊர் நடுவில் இருக்கிற கட்டடத்துக்குள் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே மாதிரி நுழைவதில்லை. நுழைந்தாலும் ஒரே மாதிரி பேசுவதில்லை. 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024-இல் அறிக்கை வந்தது. அதற்கப்புறம் பள்ளிகளில் ‘மனம் திறந்து பகிர்தல்’ மாதிரி ஏதாவது செய்ய வேண்டும் என்ற ஆர்வம் கூடியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் தன்னைச் சாதி சொல்லித் திட்டியவன் பக்கத்து பெஞ்சில் இருக்கும்போது, எழுதியதை எழுந்து நின்று வாசி என்று ஒரு பையனிடம் சொல்வது கொடுமை. வாசிப்பது எப்போதும் விருப்பம் என்று முதல் நாளே சொல்லி, அதில் உறுதியாக நிற்க வேண்டும். மாஞ்சோலையிலிருந்து இறங்கி வந்தவர்களிடமும் இதே கவனம் வேண்டும். 99 வருஷக் குத்தகையில் 1929-இல் தொடங்கிய தேயிலைத் தோட்டம் 2024-இல் மூடப்பட்டு, தலைமுறைகளாக அங்கேயே வாழ்ந்தவர்கள் மலையை விட்டு இறங்க வேண்டியதானது. அவர்கள் கதையைப் பதிவு செய்ய வருகிற எல்லோரும் அந்தப் பதிவை ஒரு பிரதி அவர்களுக்கே தந்துவிட்டுப் போகிறார்களா என்று கேட்பது நியாயம்.

பாளையங்கோட்டையில் நூறாண்டுக்கும் மேலாகக் காது கேளாதோர் பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் இருக்கின்றன. சைகையில் யோசிக்கிற பிள்ளைக்குத் தமிழ் எழுத்து இரண்டாவது மொழி. அதில் துக்கத்தை எழுதச் சொல்வது வேறு மாதிரிச் சுமை. அங்கே சைகைக் கதையும் படமும்தான் நோட்டு.

கடைசியாக ஆஸ்பத்திரி விஷயம். 2015–16-இல் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலச் சிகிச்சை தேவைப்படுகிறவர்களில் 70 முதல் 92 சதவீதம் பேருக்கு, நோயைப் பொறுத்து, அது கிடைக்கவில்லை என்று சொன்னது. எழுத்து வட்டத்துக்கு வருகிற பத்துப் பேரில் ஒருவராவது எழுத்தால் மட்டும் தீராத ஒன்றைச் சுமந்துகொண்டு வருவார் என்று எடுத்துக்கொண்டுதான் நடத்த வேண்டும். சாக வேண்டும் என்று ஒருவர் எழுதினால் நடத்துகிறவர் என்ன செய்வார்? அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது. “இங்கே எழுதுவதை வெளியே சொல்ல மாட்டோம், உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் சொல்வோம்” என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நெல்லை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் யாரைப் பார்ப்பது, எந்தக் கிழமை என்பது அவர் கைபேசியில் இருக்க வேண்டும். எந்நேரமும் கூப்பிடலாம் என்ற 14416 மனநல உதவி எண் சுவரில் இருக்க வேண்டும். தற்கொலைக்கு முயன்றவர் மீது போலீஸ் கேஸ் வரும் என்ற பயத்தில் விஷயத்தை மூடுகிற வீடுகள் இன்னும் உண்டு. அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்வதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். பள்ளியில் நடத்துகிறவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பிள்ளை எழுதியதில் பாலியல் தொல்லை பற்றிய செய்தி இருந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் விழிக்கக் கூடாது.

திட்டம் நல்லபடியாக நடந்ததா என்று பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் தொகுப்பு நூல் கேட்பார்கள். அட்டையில் மாவட்ட ஆட்சியர் அணிந்துரை இருந்தால் இன்னும் சந்தோஷம். கிழித்துப் போடலாம் என்று சொல்லி எழுத வைத்ததைத் தொகுப்பாகப் போட முடியாது என்று அவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். அவர்களுக்குக் கொடுக்க வேறு கணக்குகள் உண்டு. முதல் வாரம் வந்தவர்களில் ஆறாவது வாரமும் வந்தவர் எத்தனை பேர், நின்றுபோனவர்கள் எதனால் நின்றார்கள், மருத்துவமனைக்குப் போகச் சொன்னவர்களில் உண்மையில் போய்ச் சேர்ந்தவர் எத்தனை பேர், அப்படிப் போன நாளில் சுற்றாமல் விட்ட பீடிக்கான கூலியை அவர்களுக்கு யார் கொடுத்தார்கள்.